தோட்டப்புற வீட்டில் ஒரு கேமிங் கணினி: குறைந்த காசில் தொடங்கி, பிறகு ஏற்றிக்கொள்ளும்படி பாகங்களைத் தேர்ந்தெடுப்பது எப்படி

தீபாவளிக்கு முந்தின வாரம் தோட்டத்திலிருந்து ஒரு தம்பி மோட்டார் சைக்கிள் பின்னால் ஒரு பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்து என் மேசையில் வைத்தான். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, உள்ளே நாலு காற்றாடி, மாறி மாறி எரிகிற விளக்கு. "ஐ7 அண்ணே, பதினாறு ஜிபி. ஆனா வேலோரண்ட் திறக்கவே மாட்டேங்குது" என்றான். திறந்து பார்த்தேன். ஐ7 என்பது உண்மைதான், ஆனால் ஐ7-4770 என்கிற இன்டெல் பிராசசர் (கணினியின் மூளை), 2013இல் வெளிவந்தது. விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்ளாத பிராசசரில் அதை வலுக்கட்டாயமாக ஏற்றியிருந்தார்கள். விண்டோஸ் 11இல் வேலோரண்ட் விளையாட்டு டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு அமைப்புகளையும் கேட்கும், அந்த மதர்போர்டில் டிபிஎம் 2.0 கிடையாது. கிராஃபிக்ஸ் கார்டு (படத்தை வரையும் பாகம்) வெறும் ஜிடி 730. பவர் சப்ளையைக் கையில் தூக்கினால் காலி மைலோ டின் மாதிரி எடையே இல்லை. அவன் அம்மா கூட்டு (சீட்டு) எடுத்த காசில் இணையத்தில் யாரோ ஒருவரிடம் 1,800 வெள்ளிக்கு (மலேசிய ரிங்கிட்) வாங்கியது.

எனக்கு வலித்தது காசு போனதற்காக மட்டும் இல்லை. அந்தப் பெட்டியிலிருந்து அடுத்த கணினிக்கு எடுத்து வைத்துக்கொள்ள ஒன்றுமே இல்லை என்பதுதான். போர்டின் சாக்கெட் செத்துப்போன தலைமுறை, ரேம் டிடிஆர்3 என்ற பழைய வகை, கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டி ஒன்று மட்டும் தேறும். அதே 1,800 வெள்ளியோடு கொஞ்சம் பொறுத்திருந்தால், ஐந்து வருஷம் கழித்தும் பாதிப் பாகம் உள்ளேயே இருக்கும்படி ஒன்றைக் கட்டியிருக்கலாம்.

நான் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட்டில் கைப்பேசியும் கணினியும் பழுது பார்க்கிறவன். சுற்றிலும் செம்பனை, அங்கங்கே மிச்சமிருக்கும் பால்மரம் (ரப்பர்). பெரிய கணினிக் கடை வேண்டுமென்றால் ஈப்போவுக்குப் போகணும். இங்கே பிள்ளைகள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: இப்போ கொஞ்சம் காசு இருக்கு, பிறகு வேலைக்குப் போய் ஏற்றிக்கலாம், எதை வாங்கட்டும்? நான் எல்லோருக்கும் சொல்வதும் ஒன்றுதான். மாற்றுவதற்கு எளிதான பாகத்தை இன்றைய தேவைக்கு வாங்குங்கள், மாற்றினால் பெட்டியையே பிரிக்க வைக்கும் பாகத்தை நல்லதாக வாங்குங்கள். கிராஃபிக்ஸ் கார்டை மாற்ற ஒன்றிரண்டு ஸ்க்ரூ, ஒரு கேபிள், பத்து நிமிஷம், பழைய கார்டுக்கு ஆளும் கிடைக்கும். மதர்போர்டை மாற்றினால் பிராசசரும் ரேமும் சேர்ந்து போகக்கூடும். இதை மனதில் வைத்துக்கொண்டு கீழே உள்ள படிகளைப் படியுங்கள்.

படி 1: எந்தத் திரை, எந்த விளையாட்டு

கடைக்குப் போகும் முன் ஒரு தாளில் மூன்று விளையாட்டின் பெயரை எழுதுங்கள். வேலோரண்ட், சிஎஸ்2, டோட்டா 2 மாதிரியானவை பிராசசரைத்தான் அதிகம் வேலை வாங்கும், கார்டு சுமாராக இருந்தாலும் ஓடும். கதை சொல்லும் பெரிய விளையாட்டுகள் கார்டைத்தான் பிழிந்து எடுக்கும், அதன் மெமரியையும் தின்னும். எல்லாவற்றையும் ஆடுவேன் என்றால் 1080பி திரையைக் குறியாக வைத்துக்கொள்ளுங்கள். 24 அங்குலம், ஐபிஎஸ் பேனல், 100 ஹெர்ட்ஸுக்கு (திரை நொடிக்கு எத்தனை முறை படத்தை மாற்றும் என்பது) மேல், இது போதும். இந்தக் காசில் 4கே பற்றி யோசிக்கவே வேண்டாம்.

வீட்டில் இணைப்பு எது என்பதையும் பாருங்கள். நம் பக்கத்து ஆட்டங்கள் பெரும்பாலும் சிங்கப்பூர் சர்வரில்தான் ஓடுகின்றன. ஃபைபர் வராத லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) 4ஜி ரூட்டரை ஜன்னலில் வைத்து ஆடுகிறவருக்கு பிங் (சர்வருக்குத் தகவல் போய்வரும் நேரம்) ஏறி ஏறி இறங்கும், எவ்வளவு விலை உயர்ந்த கார்டைப் போட்டாலும் அது குறையாது. எஃப்பிஎஸ் (கணினி நொடிக்கு வரையும் படங்களின் எண்ணிக்கை) குறைவது வேறு, பிங் ஏறுவது வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு கார்டு மாற்ற வருகிறவர்களை மாதம் ஒருவராவது பார்க்கிறேன்.

காசைப் பிரிப்பது எப்படி? மானிட்டர், விசைப்பலகை நீங்கலாகப் பெட்டிக்கு மட்டும் 2,500 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். நான் பிரிப்பது இப்படி: கார்டுக்கு 950 அளவில், பிராசசரும் போர்டும் சேர்ந்து 750, பவர் சப்ளைக்கு 250, ரேமும் எஸ்எஸ்டியும் சேர்ந்து 400, மிச்சம் 150 கேசிங்குக்கு. இது விலைப்பட்டியல் இல்லை, பங்குதான். 2025 கடைசியில் ரேம் விலை ஏறியது போல ஒரு பாகம் திடீரென்று ஏறினால், அந்தப் பாகத்தைப் பழையதாக வாங்கிச் சரிக்கட்டுங்கள். பவர் சப்ளையிலிருந்து மட்டும் பிடுங்காதீர்கள்.

படி 2: சாக்கெட்

பிராசசர் உட்காரும் இடத்துக்குத்தான் சாக்கெட் என்று பெயர். பிறகு எந்த பிராசசரைப் போடலாம் என்பதை முடிவு செய்வது அதுதான். இன்றைக்குக் குறைந்த காசில் வாங்குகிறவருக்கு மூன்று வழி இருக்கிறது.

ஏஎம்5: பிராசசர் நிறுவனமான ஏஎம்டி 2022இல் கொண்டுவந்தது. டிடிஆர்5 ரேம் மட்டும்தான் ஏற்கும். 2027 வரைக்குமாவது இந்தச் சாக்கெட்டுக்குப் புது பிராசசர் வரும் என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. ரைசன் 5 7500எஃப் பிராசசரும் பி650 போர்டும் வாங்கினால், மூன்று வருஷம் கழித்து போர்டையும் ரேமையும் தொடாமல் 7800எக்ஸ்3டி மாதிரி ஒன்றையோ அதற்குப் பின் வந்ததையோ பழைய விலைக்குப் பிடித்துப் போட்டுவிடலாம். ஏற்றிக்கொள்ள இடம் வேண்டும் என்றால் முதல் தேர்வு இதுதான்.

ஏஎம்4: பழைய சாக்கெட், டிடிஆர்4. ரைசன் 5 5600, ஆறு கோர் (வேலை செய்யும் அலகு), பன்னிரண்டு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை), பி550 போர்டு. மலிவு, பழைய சந்தையில் டிடிஆர்4 ரேமும் தாராளமாகக் கிடைக்கும். மேலே போக எட்டு கோர் 5700எக்ஸ் இருக்கிறது, 96 எம்பி கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேக மெமரி) உள்ள 5800எக்ஸ்3டி இருக்கிறது (பழைய சந்தையில்தான் தேடணும்). அதற்கு மேல் இந்தச் சாக்கெட்டில் வழி இல்லை. டிடிஆர்5 விலை எட்டாத உயரத்தில் இருக்கும் மாதத்தில் நான் இதைத்தான் கட்டிக் கொடுக்கிறேன், அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

இன்டெல் எல்ஜிஏ1700: 12, 13, 14ஆம் தலைமுறை மூன்றும் இதில் உட்காரும். ஐ5-12400எஃப் நல்ல பிராசசர். ஐ3-12100எஃப் நாலு கோர்தான் என்றாலும் அந்தத் தம்பியின் பழைய ஐ7-ஐத் தூக்கிச் சாப்பிடும். ஐ3, ஐ5, ஐ7 என்கிற எழுத்தை விட அதற்குப் பின்னால் வரும் எண் முக்கியம் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். பிறகு 13, 14ஆம் தலைமுறையின் பெரிய பிராசசரைப் பழையதாக வாங்குவதாக இருந்தால் கவனம். மின்னழுத்தம் அளவுக்கு மீறிப் போய் அவற்றில் சில கெட்டுப்போயின, இன்டெல் 2024 ஆகஸ்டில் மைக்ரோகோட் (பிராசசரின் உள் மென்பொருள்) திருத்தம் வெளியிட்டது. அந்தத் திருத்தம் ஏறாத போர்டில் நாள்கணக்காக ஓடிய பிராசசரை நான் வாங்க மாட்டேன்.

பெயரின் கடைசி எழுத்தையும் பாருங்கள். 'எஃப்' என்றால் உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது, கார்டு கெட்டுப்போனால் திரையில் ஒன்றும் வராது. 7500எஃப்-க்கும் 7600-க்கும் விலை வித்தியாசம் கொஞ்சம்தான் என்றால் 7600-ஐ எடுங்கள். அதில் சின்ன கிராஃபிக்ஸ் இருக்கிறது, கார்டை வாரண்டிக்கு அனுப்பியிருக்கும் வாரங்களில் கல்லூரி வேலையாவது செய்யலாம்.

பெயர் ஒத்துப்போகிறதே என்று ஏமாறும் இடமும் இங்கேதான். ரைசன் 5 5500 என்பது 5600-இன் தம்பி இல்லை, கேஷ் பாதிதான், பிசிஐஇ (கார்டும் பிராசசரும் பேசும் பாதை) பழைய 3.0 மட்டும்தான். 5600ஜியும் அப்படியே. 8500ஜி கார்டுக்கு அந்தப் பாதையில் நாலு லேன் (தடம்) தான் தரும். பிறகு பெரிய கார்டு போடும் எண்ணம் இருந்தால் இவற்றை விட்டுவிடுங்கள்.

போர்டில் பார்க்க வேண்டியவை: பிராசசருக்குப் பக்கத்தில் உள்ள மின்பகுதிமேல் அலுமினியக் கட்டி இருக்கிறதா, எம்.2 இடம் (எஸ்எஸ்டி செருகும் இடம்) இரண்டு இருக்கிறதா, பின்பக்கத்தில் பயாஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்) ஃபிளாஷ்பேக் பட்டன் இருக்கிறதா. அந்தப் பட்டன் இருந்தால் நாளைக்குப் புது பிராசசர் வாங்கும்போது பழைய பிராசசர் இல்லாமலேயே ஒரு பென்டிரைவை வைத்து பயாஸைப் புதுப்பிக்கலாம். ஏ520 போர்டு பி550-ஐ விட மலிவுதான், ஆனால் பிசிஐஇ 3.0-இலேயே நின்றுவிடும். இப்போதைய நடுத்தரக் கார்டுகள் பல எட்டு லேனில்தான் ஓடுகின்றன என்பதால், நாளைக்குக் கார்டு மாற்றும்போது அந்தக் குறை தெரியும்.

படி 3: கிராஃபிக்ஸ் கார்டு

கார்டுக்குத்தான் அதிகக் காசு போகும், ஏமாற்றும் இதில்தான் அதிகம். முதலில் மெமரி. 4 ஜிபி கார்டை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். 8 ஜிபி 1080பி-க்கு இன்றைக்குத் தாங்கும், அமைப்பைக் கொஞ்சம் குறைத்து ஆடணும். 12, 16 ஜிபி கிடைத்தால் நல்லது, நீண்ட நாள் ஓடும்.

ஆர்எக்ஸ் 6600: 2021இல் வந்தது, 8 ஜிபி, 132 வாட் தான் இழுக்கும், ஒரே ஒரு எட்டு முனை கேபிள். பழையதாகக் கிடைத்தால் குறைந்த காசுக்கு இதைப்போல் ஒன்று இல்லை, சூடும் குறைவு. ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி பழைய சந்தையில் நிறைய இருக்கிறது, அதுவும் நல்லதுதான். புதியதில் ஆர்டிஎக்ஸ் 4060 (115 வாட்), ஆர்டிஎக்ஸ் 5060 (145 வாட்) இரண்டுமே 8 ஜிபிதான். கை கொஞ்சம் தாராளமாக இருந்தால் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபியைப் பாருங்கள். இன்டெல்லின் ஆர்க் பி580 12 ஜிபியோடு வருகிறது, ஆனால் போர்டில் ரீசைசபிள் பார் (கார்டின் மெமரி முழுவதையும் பிராசசர் ஒரே நேரத்தில் எட்ட விடுவது) என்ற அமைப்பு இருந்தே ஆகணும், 5600 மாதிரி மலிவு பிராசசரோடு சேர்த்தால் சில ஆட்டங்களில் அதன் வேகம் விழுகிறது. அதனால் ஏஎம்4 காரர்களுக்கு நான் அதைச் சொல்வதில்லை.

இனி பெயர் விளையாட்டு. ஆர்டிஎக்ஸ் 3050 என்று ஒன்று 8 ஜிபி, இன்னொன்று 6 ஜிபி. குறைவது மெமரி மட்டும் என்று நினைக்காதீர்கள், 6 ஜிபியில் கோரும் குறைவு. ஆர்டிஎக்ஸ் 3060-இலும் 8 ஜிபி என்று ஒன்று உண்டு, மெமரி பாதை 192 பிட்டிலிருந்து 128-க்குக் குறைந்தது. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி நாலு லேன், 4 ஜிபி, வீடியோ பதிவு செய்யும் பகுதியே கிடையாது. இணையச் சந்தையில் "ஆர்எக்ஸ் 580 8 ஜிபி" என்று ரொம்ப மலிவாகப் போட்டிருந்தால் விவரத்தில் 2048எஸ்பி என்று இருக்கிறதா பாருங்கள். உண்மையான 580-இல் 2304 ஷேடர் (கார்டின் சின்னக் கணக்கு அலகு) உண்டு, இது அதை விடக் குறைந்த வேறு கார்டு. முகப்பில் பெரிய எழுத்தில் பெயரைப் போட்டுவிட்டு விவரத்தில் சின்ன எழுத்தில் எண்ணைப் போடுவார்கள்.

பழைய கார்டு வாங்கும்போது நேரில் போய்ப் பாருங்கள், கார்டைத் தனியாக நீட்டினால் வாங்காதீர்கள், ஓடுகிற கணினியில் காட்டச் சொல்லுங்கள். ஜிபியூ-இசட் என்ற மென்பொருளைத் திறந்து பெயரும் மெமரியும் ஷேடர் எண்ணும் சரியா என்று ஒத்துப் பாருங்கள். ஃபர்மார்க் என்ற சோதனை மென்பொருளைப் பதினைந்து நிமிஷம் ஓடவிட்டு திரையில் புள்ளி, கோடு வருகிறதா, காற்றாடி கரகரக்கிறதா, சூடு எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள். கார்டின் ஸ்க்ரூ தலைகள் தேய்ந்திருந்தால் யாரோ கழற்றியிருக்கிறார்கள். அது தப்பு என்று சொல்ல முடியாது, சூடு கடத்தும் பேஸ்ட் மாற்றியிருக்கலாம், ஆனால் ஏன் என்று கேளுங்கள். மைனிங் கார்டு (கிரிப்டோ நாணயம் எடுக்க ஓடியது) என்று யாராவது உண்மையைச் சொன்னால் ஓடிவிடாதீர்கள், காற்றாடியையும் சூட்டையும் பார்த்து விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

படி 4: பவர் சப்ளை

இந்தப் பகுதியை மட்டும் அவசரமில்லாமல் படியுங்கள்.

நான் இந்த வேலைக்கு வந்த புதிதில் என் சொந்தக் கணினிக்கே "600 வாட்" என்று பெரிதாக அச்சடித்த ஒன்றை வாங்கிப் போட்டேன். எட்டு மாதம் ஓடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆட்டத்தின் நடுவில் 'டப்' என்று ஒரு சத்தம், கருகின மீன் மாதிரி ஒரு நாற்றம், வீட்டில் மின்சாரமே போய்விட்டது. போர்டும் சேர்ந்து போனது. அதைப் பிரித்து அதன் பக்கவாட்டு ஸ்டிக்கரை அன்றைக்குத்தான் முதல்முறையாக ஒழுங்காகப் படித்தேன். 12 வோல்ட் என்ற கட்டத்தில் 25 ஆம்பியர் என்று போட்டிருந்தது. 12-ஐ 25-ஆல் பெருக்கினால் 300. இன்றைய கணினியில் பிராசசரும் கார்டும் ஏறக்குறைய எல்லா மின்சாரத்தையும் 12 வோல்ட் வழியாகத்தான் எடுக்கின்றன. அதனால் அது 600 வாட் இல்லை, நமக்குப் பயன்படும் அளவில் 300 வாட்தான். மிச்சம் யாரும் தொடாத 3.3, 5 வோல்ட் வரிசையில் எழுதி நிரப்பின எண்.

ஆகவே கடையில் பெட்டியைத் திருப்புங்கள். 12 வோல்ட் ஆம்பியரைப் பெருக்கிப் பாருங்கள், 650 வாட் பவர் சப்ளையில் அது 600-ஐத் தாண்டணும், 50 ஆம்பியருக்கு மேல் இருக்கணும். 80 பிளஸ் முத்திரை இருப்பது நல்லது, ஆனால் அது எவ்வளவு மின்சாரம் வீணாகிறது என்பதைத்தான் சொல்லும், உள்ளே போட்ட சாமானின் தரத்தைச் சொல்லாது. வாரண்டி ஐந்து வருஷம் தருகிறவர் தன் சாமானை நம்புகிறார் என்று நான் எடுத்துக்கொள்வேன். கையில் தூக்கியும் பாருங்கள்.

ஏன் 650? கணக்குப் போடுவோம். ரைசன் 5 5600 முழு வேகத்தில் 76 வாட் வரை போகும், ஆர்எக்ஸ் 6600 132, மிச்சம் எல்லாம் சேர்த்து 50. மொத்தம் 258. நல்ல 450 வாட் இன்றைக்குத் தாராளமாகப் போதும். ஆனால் பிறகு 250 வாட் இழுக்கும் ஆர்டிஎக்ஸ் 5070 மாதிரி ஒன்றைப் போட நினைத்தால் 650 தேவைப்படும், என்விடியாவே அந்தக் கார்டுக்கு 650 என்றுதான் சொல்கிறது. இன்றைக்குக் கூடுதலாகக் கொடுக்கும் கொஞ்சம் வெள்ளி அன்றைக்கு ஒரு பவர் சப்ளையின் முழு விலையை மிச்சப்படுத்தும். கார்டுக்கான எட்டு முனை கேபிள் குறைந்தது இரண்டு இருக்கிறதா என்றும் எண்ணிக்கொள்ளுங்கள்.

படி 5: ரேம், எஸ்எஸ்டி

16 ஜிபி கண்டிப்பாக வேண்டும். டிடிஆர்4 என்றால் 8 ஜிபி இரண்டு, 3200 அல்லது 3600. ஒரே 16 ஜிபி குச்சியாக வாங்கினால் ஒரு பாதையில்தான் ஓடும், சில ஆட்டங்களில் அது நன்றாகவே தெரியும். டிடிஆர்5-இல் விஷயம் கொஞ்சம் வேறு. 16 ஜிபி இரண்டு, 6000 வேகம், இதுதான் சரி, ஆனால் விலை. முடியாவிட்டால் நான் சொல்வது ஒரு 16 ஜிபி குச்சி வாங்கி, சம்பளம் வந்ததும் அதே மாடலில் இன்னொன்றைச் சேர்ப்பது. 8 ஜிபி இரண்டாக வாங்கி, பிறகு இன்னும் இரண்டைச் செருகி நாலாக்கலாம் என்று நினைக்காதீர்கள், ஏஎம்5-இல் நாலு குச்சி போட்டால் வேகத்தைக் குறைத்துத்தான் ஓட்ட வேண்டியிருக்கும்.

எஸ்எஸ்டிக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். பெயர் தெரிந்த நிறுவனத்தின் என்விஎம்இ (எம்.2 இடத்தில் செருகும் வேகமான வகை), முடிந்தால் 1 டிபி, இல்லாவிட்டால் 500 ஜிபி வாங்கி இரண்டாவது எம்.2 இடத்தைப் பிறகு நிரப்புங்கள். 3,500 எம்பி வேகமும் 7,000 எம்பி வேகமும் விளையாட்டில் பெரிய வித்தியாசம் காட்டாது. 2 டிபி அறுபது வெள்ளி என்று பார்த்தால் அது பொய், வாங்கின அன்றே எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற மென்பொருளை ஓட்டினால் உண்மையான அளவு தெரிந்துவிடும்.

படி 6: கேசிங், நம் வீட்டு வெயில்

யூடியூபில் கார்டைச் சோதிக்கிறவர்களின் அறை 21, 22 டிகிரி. நம் துத்தநாகக் கூரைக்குக் கீழே மத்தியானம் மூன்று மணிக்கு 34. அறை எவ்வளவு சூடோ பாகமும் அவ்வளவு ஏறும், அங்கே 68 காட்டினது இங்கே 80 காட்டும். அதனால் முன்பக்கம் கண்ணாடி போட்ட கேசிங்கைத் தவிர்த்து வலை போட்டதை வாங்குங்கள், முன்னால் இரண்டு காற்றாடி உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள. விளக்கு வேண்டுமா வேண்டாமா என்பது உங்கள் ஆசை, காற்று போகணும். கார்டின் நீளம் 320 மில்லிமீட்டர் வரை, கூலர் உயரம் 160 வரை இடம் இருக்கணும், பவர் சப்ளை சாதாரண ஏடிஎக்ஸ் அளவு ஏற்கணும். ஆபீஸில் கழித்துவிட்ட சின்னப் பெட்டிகளை வாங்கிக் கார்டு போடலாம் என்று வருகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான், அவற்றில் பலவற்றின் பவர் சப்ளையும் போர்டும் அந்த நிறுவனத்தின் சொந்த அளவு, வேறு எதுவும் உள்ளே போகாது.

கீழே சிமெண்ட் தரையில் வைக்காமல் மேசைமேல் வையுங்கள். துடைப்பத் தண்ணீர், தூசி, எறும்பு மூன்றும் தரையில்தான். சூடான இடம் என்று எறும்பு பவர் சப்ளைக்குள் முட்டையோடு குடியேறியதையும், போர்டுக்குப் பின்னால் பல்லி காய்ந்து கிடந்ததையும் பார்த்திருக்கிறேன். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வலையைக் கழற்றித் தட்டுங்கள். செம்பனை ஆலைக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் மாதம் ஒருமுறை.

படி 7: மின்னல், எர்த் (தரையிணைப்பு)

பேராக்கில் சாயங்கால மழை எப்படி இறங்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. இடி கேட்டால் கணினியை அணைப்பது போதாது, பிளக்கை உருவணும், ரூட்டரிலிருந்து வரும் லேன் கேபிளையும் உருவணும். சர்ஜ் (திடீர் மின் எழுச்சி) பாதுகாப்பு உள்ள எக்ஸ்டென்ஷன் வாங்குங்கள், ஆனால் பக்கத்தில் இறங்கும் மின்னலை அது நிறுத்தும் என்று நம்பி ஆடிக்கொண்டே இருக்காதீர்கள்.

பழைய லய வீடுகளில் இன்னொன்று. கேசிங்கின் இரும்பைத் தொட்டால் விரலில் லேசாகச் சுருக்கென்று இழுக்கிறதா? பிளக் மூன்று முனையாக இருந்தாலும் சுவருக்குள் எர்த் கம்பி இல்லை அல்லது அறுந்திருக்கிறது என்று அர்த்தம். பவர் சப்ளைக்குள் இருக்கும் வடிகட்டி கசியவிடும் கொஞ்சம் மின்சாரம் போக இடம் இல்லாமல் கேசிங்கிலேயே நிற்கிறது. வயர்மேனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், கார்டு வாங்குவதற்கு முன்னால். எர்த் இல்லாத வீட்டில் சர்ஜ் எக்ஸ்டென்ஷனும் தன் வேலையை முழுதாகச் செய்யாது.

படி 8: வாங்குவது

பவர் சப்ளை, போர்டு, எஸ்எஸ்டி மூன்றையும் புதிதாக, ரசீதோடு வாங்குங்கள். பிராசசர், கார்டு, டிடிஆர்4 ரேம், மானிட்டர் பழையதாக வாங்கலாம். ஈப்போ கடைகளில் விலை கேட்டுவிட்டு ஷோப்பி, லசாடாவில் ஒத்துப் பாருங்கள், கோலாலம்பூர் போகிற வேலை இருந்தால் லோ யாட் பிளாசாவில் ஒரு சுற்று. இருபது வெள்ளி வித்தியாசத்துக்கு நான் பக்கத்துக் கடையையே எடுப்பேன், கெட்டுப்போனால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் நிற்கலாம். இணையத்தில் வாங்கினால் உள்ளூர் வாரண்டியா, வெளிநாட்டிலிருந்து நேராக வந்ததா என்று முதலிலேயே எழுத்தில் கேளுங்கள், பெட்டி உடைப்பதைத் தொடக்கத்திலிருந்து வெட்டாமல் வீடியோ எடுங்கள்.

எல்லாப் பாகத்தையும் ஒரே மாதத்துக்குள் வாங்கி முடியுங்கள். போர்டை ஜனவரியில் வாங்கி, கார்டை ஜூலையில் வாங்கி, அன்றைக்குத்தான் போர்டு பழுது என்று தெரிந்து, மாற்றிக்கொள்ளும் நாள் முடிந்து நிற்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

படி 9: பொருத்தும் நாள்

முதலில் கேசிங்குக்கு வெளியே, போர்டு வந்த அட்டைப் பெட்டிமேல் போர்டை வைத்து பிராசசர், ரேம், கூலர், கார்டு, பவர் சப்ளை மட்டும் இணைத்துத் திரை வருகிறதா பாருங்கள். பிராசசரின் மூலையில் ஒரு சின்ன முக்கோணம் இருக்கும், சாக்கெட்டிலும் இருக்கும், இரண்டும் சேரணும். ஏஎம்4-இல் ஊசிகள் பிராசசரின் அடியில் இருக்கும், தானாக விழணும், அழுத்தவே கூடாது. ஏஎம்5-இலும் இன்டெல்லிலும் ஊசிகள் சாக்கெட்டில் இருக்கும், அங்கே விரல் படக் கூடாது. நாலு இடம் உள்ள போர்டில் ரேம் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது இடத்தில்.

பிராசசருக்குப் போகும் எட்டு முனையும் கார்டுக்குப் போகும் எட்டு முனையும் ஒன்று போலத் தெரியும், ஆனால் வேறு வேறு, கேபிளிலேயே எழுதியிருக்கும். வேறு பவர் சப்ளையின் கழற்றும் கேபிளை இதில் செருகாதீர்கள், நொடியில் எஸ்எஸ்டி போய்விடும். மானிட்டர் கேபிள் கார்டில் செருகணும், போர்டில் இல்லை. டிடிஆர்5 கணினி முதல்முறை ஓடும்போது சில நிமிஷம் திரை கறுப்பாகவே இருக்கும், ரேமைப் பழக்கிக்கொள்கிறது. பயந்துபோய் அணைக்காதீர்கள், போய் ஒரு தே தாரிக் கலக்கிக்கொண்டு வாருங்கள்.

அப்புறம் பயாஸுக்குள் போய் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை ஏற்றுங்கள், இல்லாவிட்டால் வாங்கின ரேம் வேகம் கிடைக்காது. ரீசைசபிள் பார், டிபிஎம், செக்யூர் பூட் மூன்றும் ஏற்றப்பட்டிருக்கணும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது, அதனால் 11-ஐயே போடுங்கள். கடைசியில் திரை அமைப்பில் 60 ஹெர்ட்ஸ் என்று இருப்பதை 144-க்கோ உங்கள் மானிட்டர் தரும் அளவுக்கோ மாற்றுங்கள். இதை மாற்றாமல் ஒரு வருஷம் ஆடின பையன்கள் எத்தனையோ பேர்.

படி 10: பிறகு எதை, எப்போது

முதலில் ரேம், 32 ஜிபிக்கு. அப்புறம் இரண்டாவது எஸ்எஸ்டி. மூன்றாவதாகத்தான் கார்டு, அதுவும் நீங்கள் ஆடும் ஆட்டத்தில் கார்டு 97, 98 சதவீதம் வேலை செய்துகொண்டிருக்கும்போது எஃப்பிஎஸ் போதவில்லை என்றால் மட்டும். கார்டு 60 சதவீதத்தில் சும்மா இருக்க, எஃப்பிஎஸ்ஸுக்கு நீங்களே பூட்டுப் போடாமல் இருந்தும் ஆட்டம் விக்குகிறதா, அப்போது பிராசசர்தான் இழுக்கிறது. டாஸ்க் மேனேஜரைத் திறந்து ஒரு வாரம் பாருங்கள், காசு எங்கே போகணும் என்று அதுவே சொல்லும்.

அந்தத் தம்பிக்கு என்ன செய்தேன் என்றும் சொல்லிவிடுகிறேன். பழைய பெட்டியிலிருந்து எஸ்எஸ்டியை மட்டும் எடுத்தோம். அவன் பெட்ரோல் நிலையத்தில் மூன்று மாதம் இரவு வேலை பார்த்தான். ரைசன் 5 5600, பி550 போர்டு, 8 ஜிபி ரேம் இரண்டு, பழைய ஆர்எக்ஸ் 6600, புதுசாக 650 வாட் பவர் சப்ளை, வலை போட்ட கேசிங். இரண்டாவது எம்.2 இடமும் இரண்டு ரேம் இடமும் காலியாக இருக்கின்றன. அவன் அப்பா வயர்மேனைக் கூட்டிவந்து அந்த அறைக்கு எர்த் கம்பி இழுத்தார். போன வாரம் கடைக்கு வந்தவன், "அண்ணே, கார்டு இப்ப 98லயே நிக்குது" என்றான். சரி, டிசம்பர் வரைக்கும் காசு சேர், பவர் சப்ளையைத் தொட வேண்டியதில்லை என்று சொல்லி அனுப்பினேன்.